முழு மேசையில் 87 பிரேக்: இங்கிருந்து தொழில்முறை ஸ்னூக்கருக்கு எப்படிப் போவது?

மஸ்கெலியா மாறன்:

வணக்கம். எங்கள் கிளப்பில் ஆடும் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது 18, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டார். 12 அடி மேசையில் அவருடைய அதிகபட்ச பிரேக் (ஒரே முறையில் தொடர்ந்து எடுத்த புள்ளி) 87. வாரத்துக்கு மூன்று நான்கு அரைச்சதம் வருகிறது. தோட்டத்துக் கிளப் மேசை பழையது. தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் ஈரம் விடாது.

அடுத்த கியூ ஸ்கூல் தகுதிப் போட்டிக்கு அனுப்பலாமா, அதற்குக் கடன் எடுக்கலாமா என்று வீட்டில் யோசிக்கிறார்கள். தொழில்முறை இடம் கிடைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன? 87 பிரேக் அதற்குப் போதுமா? இந்த ஈர மேசையில் பழகியவர் அங்கே போய் ஆட முடியுமா? விஷயம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு உதவியாக இருக்கும்.

நீலப்பந்து:

மாறன், கடன் எடுப்பதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். வழிகளைச் சொல்கிறேன், காரணம் அதிலேயே விளங்கும்.

தொழில்முறை வீரர் என்றால் உலக ஸ்னூக்கர் டுவரில் இடம் உள்ளவர். ஏறக்குறைய 128 பேருக்குத்தான் இடம். அந்த அனுமதியை டுவர் கார்ட் என்பார்கள், இரண்டு பருவங்களுக்குச் செல்லும். தரவரிசை என்பது கடைசி இரண்டு ஆண்டுகளில் வென்ற பரிசுப் பணத்தின் கூட்டுத்தொகை, 2014இலிருந்து இப்படித்தான். புதிதாக வருபவர் பூச்சியத்தில் தொடங்குகிறார். இரண்டாம் பருவ முடிவில், உலகச் சம்பியன்ஷிப் முடிந்ததும் முதல் 64 பேருக்குள் இருந்தால் இடம் நிலைக்கும். இல்லாவிட்டால் ஓராண்டுப் பட்டியலில் மேலே வந்த ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் வெளியேதான். அதாவது உள்ளே போவதைவிட உள்ளே நிற்பது கடினம்.

உள்ளே போக முதல் வாசல் கியூ ஸ்கூல். 2011இல் தொடங்கியது. உலகச் சம்பியன்ஷிப் முடிந்த கையோடு மே, ஜூன் அளவில் நடக்கும். முன்பெல்லாம் எல்லாரும் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். 2022இலிருந்து ஆசியா, ஓசியானியா நாட்டவருக்குத் தனியாகப் பாங்கொக்கில் வைக்கிறார்கள். அந்த முதல் ஆண்டில் இரண்டு போட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கார்ட், ஆக மொத்தம் நாலே நாலு பேர். அதில் ஒருவர் பாகிஸ்தானின் முகமட் ஆசிப், இன்னொருவர் இந்தியாவின் ஹிமான்ஷு ஜெயின். ஆசிப் 2012இலும் 2019இலும் உலக அமெச்சூர் சம்பியனானவர். தம்பி எதிரே நிற்கப்போவது அப்படிப்பட்டவர்கள். ஆட்டங்கள் ஏழு பிரேம் (தனி ஆட்டம்), அதில் நான்கை முதலில் வென்றவருக்கு வெற்றி. பரிசுப் பணம் கிடையாது. கட்டணம், விமானம், ஹோட்டல் எல்லாம் சொந்தச் செலவு. முதல் சுற்றிலேயே 4-0 என்று தோற்றால் அவ்வளவு பணமும் ஒரே மாலையில் போய்விடும்.

இரண்டாவது வாசல் நம் நாட்டுக்காக ஆடிப் போவது. உலக அமெச்சூர் போட்டியை நடத்துவது ஐ.பி.எஸ்.எஃப், ஆசியப் போட்டியை நடத்துவது ஏ.சி.பி.எஸ். இரண்டுக்கும் தனியாள் விண்ணப்பிக்க முடியாது, தேசியச் சங்கம் பெயர் கொடுக்க வேண்டும். பட்டம் வென்றவருக்கு கார்ட் கொடுப்பது வழக்கம். பாகிஸ்தானின் அஹ்சான் ரம்ஸான் 2022இல் 16 வயதில் ஐ.பி.எஸ்.எஃப் பட்டத்தை வென்று அப்படித்தான் டுவருக்குள் போனார். எந்தப் பட்டத்துக்கு எந்தப் பருவத்தில் கார்ட் என்பது மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

மூன்றாவது கியூ டுவர். கார்ட் இல்லாதவர்களுக்கான தொடர் போட்டி. பெரும்பாலும் ஐரோப்பாவில் நடப்பதால் நம்மவருக்குச் செலவு தாங்காது.

என் கருத்து: தம்பிக்கு 18 வயது. இலங்கை பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சங்கத்தின் தரவரிசைப் போட்டிகளில் தொடர்ந்து ஆடட்டும். 21 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய, உலகப் போட்டிகளுக்குத் தெரிவாக இன்னும் காலம் இருக்கிறது. கியூ ஸ்கூல் அதற்குப் பிறகு. இந்த மேசைகளில் நம் நாட்டுக்கு உலகப் பட்டம் புதிதில்லை. எம்.ஜே.எம். லாபீர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சம்பியனானவர்.

மேசை வேலு:

மேசைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், துணி மாற்றுவதும் சிலேட் மட்டம் பார்ப்பதும்தான் என் தொழில்.

மேசைத் துணி கம்பளி. கம்பளி ஈரத்தை இழுத்துக்கொண்டால் மயிர் உப்பும், பந்துக்கு உராய்வு கூடும். ஒரே அடிக்கு வெள்ளைப் பந்து குறைந்த தூரம் ஓடும். குஷனுக்கு (மேசையின் ரப்பர் விளிம்பு) மேலேயும் அதே துணிதான், ஆகவே அங்கே பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் அதைவிடத் தாழ்வென்றாலும் மழைக்காலத்தில் மேசை படும் பாடு ஒன்றுதான். பிள்ளைகள் இதற்குப் பழகி ஒவ்வொரு பந்தையும் பலமாக அடிக்கிறார்கள். பின்கை பெரிதாகப் போகும், கியூ (அடிக்கும் கோல்) நேர்கோட்டிலிருந்து விலகும், தலை எழும்பும். டுவர் மேசையில் மெல்லிய துணி, சிலேட்டுக்கு அடியில் மின் சூடாக்கி. அங்கே அதே பலத்தில் அடித்தால் வெள்ளை நினைத்த இடத்தைத் தாண்டி இரண்டு அடி ஓடிவிடும். மலைநாட்டுப் பையன்கள் கொழும்பில் போய்த் தடுமாறுவதற்கு முக்கிய காரணம் இதுதான், திறமைக் குறைவு இல்லை.

மேசையை முடிந்தவரை வேகமாக்குங்கள். வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். முதலில் தூரிகை: போக் (ஆட்டம் தொடங்கும் முனை) பக்கத்திலிருந்து கறுப்புப் பந்துப் பக்கமாக, ஒரே திசையில். துணியின் மயிர் அந்தத் திசையில்தான் படுத்திருக்கும். முன்னும் பின்னும் தேய்த்தால் மயிர் எழும்பி நின்று பந்து விலகிப்போகும். அடுத்து மெல்லிய துணி சுற்றிய கட்டையால் அதே திசையில் ஒரு இழுவை. பிறகு அயன். மேசைக்கென்று செய்த கனமான அயன் பெட்டியைத்தான் பாவிக்க வேண்டும். அதை முதலில் பழைய பத்திரிகைத் தாளில் வைத்துப் பாருங்கள். தாள் பழுப்பானால் சூடு அதிகம், துணி கருகும். போக்கிலிருந்து மேலே ஒரே ஓட்டமாகத் தள்ளி, முடிவில் தூக்கி, திரும்பத் தொடக்கத்தில் வைக்க வேண்டும். பின்னால் இழுக்கவே கூடாது, நடுவில் நிறுத்தவும் கூடாது. குஷன் மேல் அயன் வைக்காதீர்கள், ரப்பர் போய்விடும். ஈரக் காலத்தில் ஆட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன்பு அயன் பண்ணினால்தான் பலன். முதல் நாள் இரவு பண்ணியது காலைக்குள் வீணாகிவிடும்.

அறைக்கு ஒரு ஈரம் உறிஞ்சும் மின்கருவி வாங்க முடிந்தால் வேறெதையும்விட அதுதான் பெரிய மாற்றம் தரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டிப் பயனில்லை. ஆட்டம் முடிந்ததும் மேசையை மூடுங்கள், ஆனால் நனைந்த பிளாஸ்டிக்கால் வேண்டாம்.

மேசை எவ்வளவு வேகம் என்று கண்ணால் சொல்ல முடியாது. 30 சென்ரிமீற்றர் நீள அலுமினிய எல்-கோணத் துண்டு ஒன்றை எடுங்கள். ஒரு முனையை எப்போதும் ஒரே உயரத்தில், ஒரு புத்தகத்தின் மேல் வைத்து, போக் கோட்டிலிருந்து பந்தை உருட்டிவிட்டு ஓடிய தூரத்தை அளந்து எழுதுங்கள். ஈரக் காலையில் ஒன்று, அயன் பண்ணிய பின் ஒன்று. கொழும்பில் போட்டி மேசையிலும் அதே துண்டால் அளந்து வாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று தம்பிக்குத் தெரிந்தாலே அடியின் பலத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்.

இன்னொன்று பொக்கட். பழைய தோட்டக் கிளப் மேசைகளில் வாய் தேய்ந்து அகன்றிருக்கும். குஷன் ஓரமாக வரும் பந்தை வேகமாக அடித்தாலும் விழும். டுவர் மேசைக்கு அங்கீகரிக்கப்பட்ட அச்சு ஒன்று உண்டு. அந்த அளவில் வெட்டிய பொக்கட் அதே பந்தை இரண்டு தாடையிலும் தட்டி வெளியே துப்பிவிடும். பயிற்சிக்கு மூலைப் பொக்கட்டின் இரு பக்கமும் ரப்பர் துண்டு செருகி வாயைச் சுருக்கலாம், ஆனால் சிலேட் விளிம்பைத் தொடாதீர்கள்.

பந்தையும் கவனியுங்கள். சோக் தூள் ஒட்டிய இடம் அடுத்த பந்தோடு மோதினால் கிக் வரும்: பந்து துள்ளும், கோணம் கெடும். வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். ஈரக் காலத்தில் தினமும் செய்தாலும் தவறில்லை.

1882இல் உதகமண்டலத்துக் கிளப்பில்தான் ஸ்னூக்கரின் விதிகளை எழுதி ஒட்டினார்கள். மலைக்கும் மழைக்கும் இந்த ஆட்டம் அந்நியம் இல்லை, மேசையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மஸ்கெலியா மாறன்:

வேலு அண்ணே, மிக்க நன்றி. எல்-கோணத் துண்டு இந்த வாரமே செய்கிறோம். நீலப்பந்து ஐயா, 87 பிரேக் போதுமா என்பதற்கு நேரடியான பதில் வேண்டும். எந்த அளவு வந்தால் கியூ ஸ்கூலுக்குப் பணம் கட்டலாம்?

கண்டி மார்க்கர்:

மாறன் தம்பி, இதற்கு நான் சொல்கிறேன். அதிகபட்ச பிரேக்கை வைத்து எதையும் அளக்காதீர்கள். அது அவருடைய மிக நல்ல நாள். எதிராளி ஆடப்போவது அவருடைய சாதாரண நாளோடு. ஆகவே பத்துத் தடவையில் எத்தனை என்று எண்ணுங்கள்.

நேர்கோட்டு வரிசை: நீலத்துக்கும் பிங்குக்கும் நடுவில், பிங்குக்கும் கறுப்புக்கும் நடுவில், கறுப்புக்கு அப்பால் குஷன் வரை, 15 சிவப்பையும் மேசையின் நடுக்கோட்டில் வையுங்கள். நிறங்கள் அவற்றின் இடத்தில். வெள்ளையைக் கையில் எடுத்துத் தொடங்கி, வேறு பந்தைத் தொடாமல் சிவப்பு, நிறம், சிவப்பு என்று போக வேண்டும். பத்துத் தடவையில் ஆறு தடவை 60ஐத் தாண்டி, இரண்டு தடவை மேசை முழுவதும் துடைத்தால் நல்ல தேசிய மட்டம். கியூ ஸ்கூலுக்கு எட்டும் நாலும் வேண்டும் என்பது என் கணக்கு.

நிறங்கள் மட்டும்: மஞ்சளிலிருந்து கறுப்பு வரை 27 புள்ளி. பத்தில் எட்டு. இதில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் பிரவுனிலிருந்து நீலத்துக்குப் போகும் இடத்தில்தான் கோணத்தை இழக்கிறார்கள். நீலத்துக்கு நேர்கோணம் வந்துவிட்டால் பிங்குக்குப் போக வழியில்லை. அதனால் பிரவுனை அடிக்கும் முன்பே நீலத்தின் எந்தப் பக்கம் வெள்ளை நிற்க வேண்டும் என்று முடிவெடுக்கப் பழக்குங்கள்.

நீண்ட பொட் (தூரத்திலிருந்து பந்தைப் பொக்கட்டில் போடுவது): நீலப் புள்ளிக்கும் பக்கக் குஷனுக்கும் நடுவில் ஒரு சிவப்பு. வெள்ளை டி-க்குள் (போக் கோட்டில் உள்ள அரைவட்டம்). மேல் மூலைப் பொக்கட்டில் பத்துக்கு ஆறு. வெறுமனே விழுந்தால் போதாது, வெள்ளை போக் பக்கம் திரும்பி வந்தால்தான் கணக்கு. தவறினாலும் எதிராளிக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்பதுதான் அந்த அடியின் பாதி.

கியூ நேராகப் போகிறதா என்று பார்க்க, பிரவுன் புள்ளியில் வெள்ளையை வைத்து நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக அடித்து, திரும்பி வரும் வெள்ளை கியூ நுனியிலேயே வந்து படுகிறதா பாருங்கள். பக்கம் விலகினால் வெள்ளையின் நடுவில் அடிக்கவில்லை, தெரியாமல் சைட் (பக்கச் சுழற்சி) ஏறுகிறது. மெதுவாக ஐம்பது, பலமாக ஐம்பது, ஒவ்வொரு நாளும்.

இதையெல்லாம்விட நம் பிள்ளைகள் தோற்பது சேப்டியில் (எதிராளிக்கு வாய்ப்புத் தராத தற்காப்பு அடி). கிளப்பில் எல்லாரும் பொட் பண்ணவே ஆடுகிறோம். அங்கே உள்ளவர் மெல்லிசாகத் தொட்டு வெள்ளையை போக் குஷனில் ஒட்டவைப்பார், பச்சைக்கோ பிரவுனுக்கோ பின்னால். அப்புறம் அரை மணித்தியாலம் வாய்ப்பே வராது. ஒரு சிவப்பை மேலே வைத்து, அதன் ஓரத்தைத் தொட்டு வெள்ளையை போக் குஷனிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் நிறுத்தும் பயிற்சியைச் செய்யுங்கள். இருபதில் பன்னிரண்டு வரும் வரை விடாதீர்கள்.

மிஸ் விதியையும் (அடிக்க வேண்டிய பந்தைத் தொடத் தவறுவது பற்றியது) கிளப்பில் கட்டாயம் பாவியுங்கள். நேராக முழுப்பந்து தெரியும் நிலையில் தொடர்ந்து மூன்று தடவை தொடத் தவறினால் பிரேமே போய்விடும். எதிராளி வெள்ளையை மீண்டும் அதே இடத்தில் வைக்கச் சொல்லலாம், ஒவ்வொரு தடவையும் குறைந்தது நான்கு புள்ளி போகும். கிளப்பில் "பரவாயில்லை, ஆடு" என்று விட்டுவிட்டுப் பழகியவர்கள் நடுவர் முன்னால் ஒரே ஸ்னூக்கரில் (அடிக்க வேண்டிய பந்தை வேறு பந்து மறைக்கும் நிலை) 20 புள்ளி கொடுத்துவிட்டு நிற்பார்கள். சட்டைக் கை பந்தில் பட்டாலும் பவுல்தான்.

ஒரு விஷயத்தில் நீலப்பந்து ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. தேசியப் போட்டிகளிலேயே வருடக்கணக்கில் இருந்தால் அதே இருபது பேரோடுதான் ஆடுவார். மேலே சொன்ன அளவுகள் வந்துவிட்டால், கார்ட் கிடைக்காது என்று தெரிந்தாலும் 20 வயதுக்குள் ஒரு தடவை பாங்கொக் போய் ஆடிவருவது நல்லது. ஆனால் சேமித்த பணத்தில், கடனில் இல்லை.

நீலப்பந்து:

மார்க்கர் ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், அளவுகள் வந்த பிறகு என்றால் சரி.

பணக் கணக்கையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள் மாறன். கார்ட் கிடைத்தால் சம்பளம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வெல்வதுதான் வருமானம். 2022/23 பருவத்தில் டுவர் நிர்வாகம் ஒவ்வொரு வீரருக்கும் 20,000 பவுண் உறுதி செய்தது. அதுகூட முன்பணம் மாதிரிதான், பரிசில் கழித்துக்கொள்வார்கள். உலகச் சம்பியனுக்கு 500,000 பவுண் என்ற செய்தியைப் பார்த்து மயங்க வேண்டாம். புதியவர் இங்கிலாந்தில் அறை வாடகை, சாப்பாடு, பயிற்சி மேசை என்று மாதம் ஆயிரம் பவுணுக்குக் குறையாமல் செலவழிப்பார். சீனாவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் போட்டிகளுக்கு டிக்கெட்டும் அவரே போட வேண்டும். இரண்டு பருவத்துக்கும் ஆதரவாளர் ஒருவர் எழுத்தில் உறுதி தராமல் கார்ட் வாங்குவதில் அர்த்தமில்லை. இந்தியாவின் பங்கஜ் அத்வானி போன்ற மேதையே 2012இல் டுவருக்குப் போய் 2014இல் விட்டுவிட்டு வந்தார்.

விசா: அமெச்சூராக ஒரு போட்டிக்கு மட்டும் பிரித்தானியா போவதென்றால் வருகையாளர் விசா. அழைப்புக் கடிதம், சங்கத்தின் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு நேரத்தோடே விண்ணப்பிக்க வேண்டும். கார்ட் வாங்கி அங்கே தங்கி ஆடுவதென்றால் சர்வதேச விளையாட்டு வீரர் விசா. அதற்கு உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சங்கத்தின் (டபிள்யூ.பி.பி.எஸ்.ஏ.) அங்கீகாரம் தேவை. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் ஏ1 என்ற அடிப்படை மட்ட ஆங்கிலமும் காட்ட வேண்டும். உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் பரீட்சைச் சான்றிதழ் கையில் இல்லாமல் கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள் உண்டு.

முக்கியமான ஒன்று, இதைத் தம்பியிடம் இன்றே சொல்லுங்கள். கிளப்பில் பிரேமுக்குப் பணம் வைத்து ஆடுவது இங்கே சாதாரணம். டுவருக்குள் போனால் ஸ்னூக்கரில் எங்கேயும், யார் ஆட்டத்திலும், ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டக் கூடாது. 2023இல் பத்து சீன வீரர்களுக்குத் தண்டனை கிடைத்தது, லியாங் வென்போவுக்கும் லி ஹாங்குக்கும் ஆயுள் தடை. சாவோ சின்டொங் தன் ஆட்டத்தை விட்டுக்கொடுக்காதவர், ஆனாலும் பந்தயத்துக்காகவும் இன்னொருவரின் தில்லுமுல்லுக்குத் துணைபோனதற்காகவும் 20 மாதம் வெளியே இருந்தார். தடை முடிந்து, அமெச்சூராகவே தகுதிச் சுற்றின் அடிப்படியிலிருந்து ஆடி, 2025இல் மார்க் வில்லியம்ஸை 18-12 என வென்று உலகச் சம்பியனானார். அந்தத் திறமை இருந்தும் இருபது மாதம் போயிற்று.

கால அளவைப் பற்றியும் வீட்டார் அவசரப்பட வேண்டாம். ஸ்டுவர்ட் பிங்ஹாம் 1996இல் உலக அமெச்சூர் பட்டம் வென்றார், உலகத் தொழில்முறைப் பட்டம் 2015இல்தான் வந்தது.

இப்போதைக்கு மாதத்துக்கு ஒரு முறையாவது ஹட்டனிலிருந்து ரயிலேறி கொழும்புக்குப் போய் இரண்டு மூன்று நாள் வேகமான மேசையில் ஆடிவரட்டும். கடன் எடுப்பதாக இருந்த பணத்தில் ஒரு சிறு பகுதி போதும்.

மஸ்கெலியா மாறன்:

எல்லாருக்கும் நன்றி. வீட்டாரிடம் இதை அப்படியே காட்டுகிறேன். கடைசியாக ஒன்று: தம்பியின் ஆஷ் கியூ மழைக்காலத்தில் சிறிது வளைகிறது. கொழும்புக்கும் பிறகு வெளிநாட்டுக்கும் கொண்டுபோக எப்படிப் பாதுகாப்பது?

மேசை வேலு:

சுவரில் சாய்த்து வைக்கிறாரா? அதை முதலில் நிறுத்துங்கள். ஈரத்தோடு சாய்ந்து நின்றால் எந்த மரமும் வளையும். மூடிய பெட்டியில் படுக்கை வசமாக, சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு வையுங்கள். பஸ்ஸில் எஞ்சின் பக்கம் வைக்க வேண்டாம், சூடும் அதே கேடு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பச்சை ஆளிவிதை எண்ணெய் சில துளி துணியில் எடுத்துத் தேய்த்து, ஒரு இரவு விட்டு, உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். மரத்துக்குள் ஈரம் ஏறுவது குறையும். ஏற்கெனவே வளைந்ததைக் கையால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மேசையில் உருட்டிப் பார்த்து, சிறிய வளைவென்றால் எப்போதும் ஒரே பக்கம் மேலே வரும்படி பிடித்து ஆடலாம்.

விமானத்தில் கியூவைக் கையோடு விடமாட்டார்கள், பொதிக்குள்தான் போகும். கடினமான குழாய்ப் பெட்டி, உள்ளே பஞ்சு, நுனிப் பக்கம் கூடுதலாக. புது டிப்பை (கியூ நுனித் தோல்) பயணத்துக்கு முதல் நாள் ஒட்ட வேண்டாம். இரண்டு வாரமாவது ஆடி அமர்ந்த டிப்போடு போகட்டும். அதே வகையில் இரண்டு டிப், பசை, சிறு அரத்தாள் மூன்றையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.